சம்பந்தி வீட்டு எறும்பு

ஆவணி 2, வெள்ளி

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. முற்றமெல்லாம் வேப்பஞ்சருகு. காலையில் மகள் மங்கை நீல மருந்தில் என் சிறுநீரை எட்டுத் துளி விட்டு, ஸ்பிரித்து விளக்கில் காய்ச்சிக் காட்டினாள். பச்சை. நேற்று மஞ்சள்.

டாக்குத்தர் சொன்ன வரிசை: நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை, கொஞ்சம். மஞ்சள், கூட. செங்கல் நிறம், ஆபத்து. மாசியில் நான் செங்கல். என் வகுப்பு முழுவதும் பரீட்சையில் தேறினால்கூட இவ்வளவு பெருமை வந்திராது.

சாப்பாடு: காலை குரக்கன் மாப் பிட்டு, அவிக்கும் நீத்துப்பெட்டியில் அரைவாசி. பகல் ஒரு பிடி சோறு, முருங்கையிலை. இரவு பாவற்காய். (பாவற்காய் டாக்குத்தர் சொன்னதல்ல, மனைவி சொன்னது. மறுபேச்சுக் கிடையாது.) மாலை ரெயில் கடவை வரை நடை.

ஞாயிறு பண்டத்தரிப்புக்குப் பயணம், மங்கையின் சம்பந்தம் பேச. எனக்கு இந்தச் சீனி வருத்தம், சலரோகம், என்று மூச்சும் விடக்கூடாதென்று மனைவியின் கட்டளை. பரம்பரை நோய் என்று ஒரு இடம் ஏற்கனவே தட்டிப்போயிற்று.

ஆவணி 4, ஞாயிறு

பஸ்ஸில் மானிப்பாய் வரை நின்றபடி. மாப்பிள்ளையின் தகப்பன் கந்தப்பர், புகையிலைத் தோட்டக்காரர், மனைவியை இழந்தவர். கதை நிறைய. பொடியன் அமைதி, பிடித்தது.

தேத்தண்ணீர், உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டு. கடித்த மாதிரி நடித்துத் துண்டை மடியில் செருகினேன். கந்தப்பர் மூன்று துண்டு. மேலே இரண்டு செம்பு தண்ணீர். ஒரு மணித்தியாலத்தில் மூன்று தரம் பின்வளவுக்குப் போய் வந்தார். இடது கால் பெருவிரலில் துணிக்கட்டு. வைகாசியில் மண்வெட்டி பட்டதாம், இன்னும் ஆறவில்லையாம்.

பிறகு நானும் பின்வேலிக்குப் போனேன். பூவரசடியில், அவர் போய் வந்த இடத்தில், ஈர மண். அதில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. நீரில் சீனி இருந்தால் எறும்பு வரும். என் வேலியடியில் இதைக் கண்டுதான் நானே டாக்குத்தரிடம் போனேன்.

முதலில் வந்தது சந்தோஷம். எழுத வெட்கம், ஆனால் சந்தோஷந்தான். இனி எங்களை அவர்கள் என்ன குறை சொல்வது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அந்த விரலை யோசித்தேன். என் அண்ணைக்கும் ஒரு விரலில்தான் தொடங்கியது. முழங்காலோடு எடுத்தார்கள். அதன்பின் ஆறு மாதம் இருந்தார்.

ஆவணி 5, திங்கள்

நீலம். முதல் தரம்.

மனைவியிடம் எறும்புக் கதையைச் சொன்னேன். தாலி ஏறின மறுநாள் அவருக்குச் சொல்லுங்கள் என்றாள். முகூர்த்தம் தையில். விரல் அதுவரை பொறுக்காது என்றேன். அரிசி புடைக்கத் தொடங்கினாள். அவள் பயம் எனக்கும் உண்டு. கந்தப்பரிடம் சொல்ல வேண்டுமானால் என் வருத்தத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த இடமும் போகலாம்.

மங்கை கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். "ஐயா, நீங்கள் சொல்லாட்டி நான் பண்டத்தரிப்புக்குக் கடிதம் எழுதுவன்" என்றாள். செய்யக்கூடியவள்.

ஆவணி 7, புதன்

பள்ளிக்கூடத்துக்கு லீவு. நீல மருந்து, கண்ணாடிக் குழாய், விளக்கு, எல்லாம் பையில். பஸ்ஸில் ஒருவர் போத்திலைப் பார்த்து என்னவென்று கேட்டார். வேட்டிக்கு நீலம் போட என்றேன்.

கந்தப்பரைத் தோட்டத்துக் கொட்டிலுக்குத் தனியே அழைத்துப்போய், என் வருத்தத்தை முதலில் சொன்னேன், எறும்பைப் பிறகு. கோபம் வந்துவிட்டது. வேலியடியை ஆராய வந்த சம்பந்தியை இப்போதுதான் காண்கிறாராம். ஆனாலும் போய்ச் சிரட்டையில் தன் நீரைக் கொண்டுவந்தார். காய்ச்சினேன். பச்சை, மஞ்சள், நில்லாமல் செங்கல்.

குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "உது ஆளைக் கொல்லுமோ, வாத்தியார்?"

"கவனமாய் இருந்தால் கொல்லாது. நான் இருக்கிறன்தானே. விரலை நாளைக்கே ஆசுப்பத்திரியிலை காட்டுங்கோ."

எழும்பித் தோட்டத்துக்குள் போனார். சம்பந்தம் பற்றிப் பேச்சே இல்லை. தேத்தண்ணீரும் இல்லை.

ஆவணி 9, வெள்ளி

மஞ்சள். கவலைக்கும் சீனி ஏறுமோ? டாக்குத்தரைக் கேட்க வேண்டும். மனைவி கதைப்பதில்லை. பாவற்காய் இரட்டிப்பு.

ஆவணி 13, செவ்வாய்

பச்சை. பண்டத்தரிப்பிலிருந்து ஒரு சேதியும் இல்லை. சொன்னது சரிதான் என்று நடையில் பத்துத் தரம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆவணி 18, ஞாயிறு

சின்னத் தூறல். குளிக்கச் சவர்க்காரம் வாங்க வேண்டும்.

பகல் கந்தப்பர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். காலில் புதுக் கட்டு. சீழ் எடுத்தார்களாம், விரல் தப்புமாம். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றாராம் டாக்குத்தர். நாளுக்கு இரண்டு ஊசி. இருவருக்கும் வெறும் தேத்தண்ணீர். முகூர்த்தம் தையிலேயே என்றார். மனைவிக்கு முகம் மலர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான். மேற்கு அறையை வெள்ளையடித்து வைத்திருப்பதாகச் சொன்னேன். அதற்கு அவர் தலையாட்டவில்லை.

"வாத்தியார், எனக்குக் காய்ச்சிப் பாக்கவும் ஊசி போடவும் வீட்டிலை ஆளில்லை. பொடியன் ஊசியைக் கண்டாலே மயங்கிறான். உங்கடை பிள்ளை எங்கடை வீட்டிலை வந்து இருக்கட்டும்."

ஊர் வழக்கம், இவள் எங்களுக்கு ஒரே பிள்ளை, காலையில் எனக்கு யார் காய்ச்சுவது, என்னவோ சொல்லத் தொடங்கினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து மங்கையின் குரல். "ஓம் மாமா. வாறன்."

மாமாவாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.