ஏழாவது குட்டி கரையேறியது

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடவுள் கிருபையால் நானும் அப்பாவும், நீ விட்டுப்போன தண்ணீர்ப் பல்லிகளான உன் நியூட்டுகளும் சுகம். புது ஊரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அதுதான் என் தினசரி வேண்டுதல்.

நீ போன மறுநாளே அவற்றின் தொட்டித் தண்ணீருக்குள் இருக்கும் செடியின் இலைகள் மடிந்து கிடந்தன. பூச்சி அடித்திருக்கிறது என்று, கீரை ஆய்வதுபோல் கிள்ளப் போனேன். "கைய எடுடி, ஒவ்வொரு மடிப்புலயும் ஒரு முட்டைய மூடி வச்சிருக்கு தாய் நியூட்டு" என்று அப்பா கத்தினார். எண்ணினேன், பன்னிரண்டு. என் நோட்டில் தேதி போட்டு எழுதினேன். பொரிந்தவை ஏழு.

பெரியவை தின்றுவிடும் என்று நீ ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனபடி குட்டிகளைத் தனித்தொட்டியில் விட்டேன். கழுத்தில் இறகு மாதிரி செவுள். முதலில் முன்னங்கால், பிறகு பின்னங்கால். மதியச் சூட்டுக்கு ஐஸ் பாட்டிலைத் தொட்டியோரம் சாய்த்து வைக்கிறேன். புழுவைக் கண்டாலே அலறிய நான் இப்போது அதைப் பொடியாக நறுக்குகிறேன். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

போன வாரம் ஒரு தப்பு செய்துவிட்டேன். மற்ற ஆறும் தண்ணீரிலேயே இருக்க, ஏழாவது குட்டி மட்டும் கல்மேல் ஏறியது. காய்ந்து செத்துவிடுமே என்று கரண்டியால் தண்ணீரில் விட்டேன். மறுபடி ஏறியது, மறுபடி விட்டேன். மூன்றாம் தடவை மூச்சுக்குத் தவித்தது. "பின்ன எதுக்கு அதுக்குக் கால் முளைச்சிருக்கு?" என்றார் அப்பா.

பதறிப்போய் உன் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தை அதுவரை நான் படிக்கவே இல்லை. 'செவுள் மறைந்ததும் கரையேறும். தடுக்காதே அம்மா. சில வருஷம் கழித்துத் தானாகவே தண்ணீருக்குத் திரும்பும்' என்று எழுதியிருந்தாய்.

குட்டியை எடுத்து ஈரப்பாசியில் கிடத்தினேன். அசையவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பிரார்த்தித்தேன். சாயங்காலம் ஒரு துண்டுப் புழுவைக் கவ்வியது. அழுதே விட்டேன்.

உன் வேலை உத்தரவைப் பதினோரு நாள் என் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். கண்டுபிடித்தும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து இந்தத் தாளைத்தான் எழுதினாய். அதற்கு நன்றி சொல்ல எனக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது, கண்ணே.

எனக்காக அவசரப்பட்டு லீவு போட்டு வராதே. அங்கே நன்றாகக் காலூன்று. ஆண்டவன் உன் கூடவே இருப்பார். இங்கே தொட்டித் தண்ணீரை நான் குளிர்ச்சியாக, சுத்தமாக வைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா