முதுகுக்குப் பின்னால் ஓடிய படம்

மார்ச் 3
இன்று புதிய வட்ட சினிமாக் கொட்டகைக்குள் முதன்முறையாகப் போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் திரை. நடுவில் சுழல் நாற்காலிகள்.

"இன்னும் பத்து வருஷத்துல ஒத்தைத் திரையை யாரும் சீண்ட மாட்டாங்க. ஜனங்க படத்துக்கு நடுவுலயே உக்காந்திருப்பாங்க" என்றார் இதைக் கட்டிய பொறியாளர். முதல் படத்தை நான்தான் தொகுக்க வேண்டுமாம். பார்க்கிறவர் கண்ணை இழுத்துப் பிடிப்பதுதான் என் தொழில். இங்கே அது எந்தப் பக்கம் ஓடும்?

மார்ச் 19
மண்டை காய்கிறது. முன்திரையில் காதலர்கள் துறைமுகத்தில் பிரிகிறார்கள். பின்திரைக்கு? மிச்சம் மீதி துறைமுகக் காட்சிகளை ஒட்டிவைத்தேன். யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்!

ஏப்ரல் 8
வெள்ளோட்டத்துக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "வந்து அங்க தூங்கணுமா?" என்றார். என் படம் எதையும் இவர் முழுதாகப் பார்த்ததில்லை. சிரித்துவிட்டேன். அப்புறம் அடுப்படியில் – ஏன் இவ்வளவு வலிக்கிறது?

ஏப்ரல் 10
வெள்ளோட்டம். முன்திரையில் நாயகி அழுகிறாள், இவரோ நாற்காலியைச் சுழற்றிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்! வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நான் உசுரக் குடுத்து வெட்டினது முன்னாடி. உங்களுக்கு முதுகைக் காட்டத்தான் தோணுச்சா?"

"ரயில் ஓட்டுறவன்மா நான். நாள்பூரா முன்னாடியேதான் பாக்குறேன். இன்னைக்குத்தான் பின்னாடி பாக்க விட்டாங்க."

பிறகு கதையே சொன்னார். பின்திரையில் ஒருவர் நாயோடு படகு படகாக இடம் கேட்டுப் போகிறாராம். கடைசியில் நாயைக் கரையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் ஏறினாராம்.

"அந்த நாய் என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

ஒட்டியவள் நான். எனக்கே தெரியாது! சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினோம். இப்படிப் பேசி எவ்வளவு காலமாயிற்று?

ஏப்ரல் 11
பின்திரைக் காட்சிகளை முழுதாகப் பிரித்துப்போட்டேன், புதிதாகத் தொகுக்க. பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அங்கயும் ஆளுங்க இருக்காங்க, சார்" என்றேன்.

மே 2
திறப்பு நாள். வாசலில் எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: "நீ என்ன பாத்த?" அக்காவும் தங்கையுமாக வந்த இருவர், நாய் பிழைத்ததா இல்லையா என்று சண்டையே போட்டார்கள்.

ஆகஸ்ட் 21
முன்திரை தவிர மற்றதையெல்லாம் மூடிவிட்டார்கள். ஜனங்களுக்குக் கழுத்து வலிக்கிறதாம், தலை சுற்றுகிறதாம். நாற்காலிகளை ஒரே பக்கமாக இறுக்கச் சொல்லிவிட்டார் கொட்டகை முதலாளி. பொறியாளர் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 14
பொறியாளரிடமிருந்து கடிதம்! அடுத்த சினிமாவுக்குக் கொட்டகையே வேண்டாமாம். தலையில் மாட்டும் பெட்டி, உள்ளேயே படம், ஆளுக்கு ஒன்று. தொகுத்துத் தர முடியுமா என்கிறார்.

இவர் படித்துவிட்டு, "அப்போ நீ பாக்காததை உனக்கு யாரு சொல்றது?" என்றார்.

சம்மதம் என்று பதில் எழுதினேன். அடியில் ஒரு கேள்வி: ஒரே பெட்டிக்குள் இரண்டு தலை நுழையுமா?