தெருமுனையைத் தாண்டி

ஏலே சோலைராஜு,

கான்சாபுரத்துச் சொந்தக்காரர்களுக்குச் சாவுத் துஷ்டி சொல்லிவிட்டு நீ திரும்பும்போது, உன் அப்பா நடுவீட்டில் இருக்க மாட்டார். பீர் முகமது அண்ணன் வேனில் மதுரைக்குக் கொண்டு போகிறேன். செத்தால் தன் உடம்பு மெடிக்கல் காலேஜுக்குத்தான் என்று அவர் கையெழுத்துப் போட்ட தாளை, "எங்கப்பன அறுத்துப் படிப்பாங்களோ?" என்று நேற்று கிழித்தாயே, அது கார்பன் காப்பி. அசல் என் மடியில் இருக்கிறது.

சாவி பக்கத்து வீட்டு நூர்னிசா அக்காவிடம். அவர் தரும் இட்டிலியை வீம்பு பிடிக்காமல் சாப்பிடு. மேளக்காரர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பு.

உன் பெரியப்பா குதிப்பார். "பொம்பள சுடுகாட்டுக்கு வரப்புடாது, தெருமுனையோட நின்னுக்கிடணும்" என்றாரே, அவரிடம் சொல்: நான் போவது சுடுகாட்டுக்கு இல்லை, காலேஜுக்கு. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளைத் தெருமுனையில் நிறுத்த அங்கே ஆள் கிடையாது. கடைசி வாசல் வரை நானே போவேன்.

அம்மா

மறந்துவிட்டேன். அங்கே அவரை இறக்கித் தூக்க நான், உன் மாமா ஐயாதுரை, பீர் முகமது அண்ணன், மூன்று பேர்தான். ராஜபாளையத்தில் எட்டு மணி மதுரை பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாம். நாலாவது தோள் உன்னுடையது.

வராவிட்டால் அந்தப் பக்கத்தையும் நானே பிடிப்பேன்.