நீயாக விலகவில்லை

இன்று காலை முழங்காலுக்கு வலி ஸ்பிரே அடித்தேன். அந்தக் காரமான வாசனை எழுந்ததும் உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

கூனிமேட்டுக் கடற்கரையில் நாம் கால்பந்து ஆடத் தொடங்கியபோதே இடது ஓரம் உன்னுடையது. கோட்டுக்கும் எதிராளிக்கும் நடுவே கொஞ்சம் இடமிருந்தால் போதும், பந்தோடு போய்விடுவாய். பிறகு நம் இருவரையும் ஒரே கிளப் எடுத்தது. நீ விங்கர், உனக்குப் பின்னால் நான் லெஃப்ட் பேக். ஏழெட்டு வருடம் உன் முதுகைப் பார்த்தபடியேதான் ஆடினேன்.

அந்த இறுதிப் போட்டியன்று உன் வலது முழங்கால் வீங்கியிருந்தது. ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் மேனேஜர் கேட்கவில்லை.

"ஊசி போட்டா மரத்துடும். இன்னிக்கு மட்டும் ஓடட்டும்."

"காலை ஊனவே முடியலைங்க சார்" என்றாய்.

ஊசி போட்டார்கள். ஓடினாய். ஓரத்திலிருந்து நீ தூக்கி அடித்த கிராஸில்தான் வெற்றி கோல் விழுந்தது. சற்று நேரத்தில் பந்தோடு திரும்பும்போது சரிந்தாய். உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கோப்பையோடு சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த சீசனில் உன்னை எடுக்கவில்லை. சொந்த விருப்பத்தில் ஓய்வு பெற்றதாகப் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். ஊரும் நம்பியது. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலைக்கு நீ காலை இழுத்து இழுத்து நடந்ததைத் தினமும் பார்த்தவர்களே, "திமிரு புடிச்சு விட்டுட்டு வந்துட்டான்" என்றார்கள்.

போன ஞாயிறு உன் நினைவுக் கூட்டத்துக்கு அதே மேனேஜர் வந்தார். "உச்சத்தில் இருக்கும்போதே ஆட்டத்தை விட்ட பெரிய மனசுக்காரர்" என்று மைக்கில் பேசினார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவன் விடல சார். டாக்டர் வேணாம்னு சொல்லியும் ஊசி போட்டு ஓட விட்டீங்க. கால் போனதும் அனுப்பிட்டீங்க."

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏம்பா, இங்க வந்து இதெல்லாம் எதுக்கு?"

அப்போது முன்வரிசையில் இருந்த உன் மனைவி எழுந்தாள். "மைக்கை அண்ணன்கிட்ட குடுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத் திமிர் பிடித்தவன் என்றவர்கள் தலை குனிந்திருந்தார்கள். மேனேஜர் காரில் ஏறிப் போய்விட்டார்.

உனக்குக் கோபமே வராதா என்று ஒருமுறை கேட்டேன். "வந்து என்ன மச்சான் பண்றது? கால் சரியாயிடுமா?" என்று சிரித்தாய்.

ஆகாதுதான். ஆனால் நீ படாத கோபத்தையும் சேர்த்து நான் பட்டுக்கொண்டிருக்கிறேன். யார் சொன்னாலும் அதை ஆறவிடுவதாக இல்லை.