பாக்கியலட்சுமி அவிழ்த்த கொண்டை

சேசு மரி சூசை துணை

கம்போங் கப்பூர்,
சிங்கப்பூர்,
ஆகஸ்ட் 1961

அன்பு மகன் ஆம்ப்ரோஸுக்கு அம்மா எழுதுவது. லூர்து மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நல்ல சுகம், லண்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்க அவளையே வேண்டிக்கொள்கிறேன். உன் தங்கை அருள்ஜோதிக்குப் பெண் பிறந்து ஞானஸ்நானமும் ஆயிற்று, குழந்தைக்கு உன் மூக்கு.

நம் மசாலா மில் எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன். அப்பா போனபிறகு நீ பொறுப்பெடுத்தாய், மிளகாய்த்தூள் குறைகிறது என்று வாசலில் காவல்காரனை நிறுத்தி, சாயந்தரம் வீடு போகிற பெண்களை மடியை உதறச் சொன்னாய். அப்பா காலத்திலிருந்து பொட்டலம் கட்டுகிற பாக்கியலட்சுமியை ஆம்பிளைகள் முன்னால் கொண்டையை அவிழ்க்கவைத்தாய். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் அவள் தலையை மழித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள், எந்தக் கோவில் வேண்டுதல் என்று நீ சிரித்துக் கேட்டாய். அவள் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம் நீ படிக்கக் கப்பல் ஏறிவிட்டாய், காவலும் சோதனையும் அப்படியே நடந்தது.

டிசம்பர் மழையில் கிடங்குக் கூரை ஒழுகி மிளகாய் மூட்டை அத்தனையும் பூஞ்சை பிடித்தது. மில் பெண்கள் கண்முன்னால்தான் ஒழுகியது, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சரக்கு வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியபிறகுதான் எனக்கே தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று பாக்கியலட்சுமியைக் கேட்டேன். "கிடங்குப் பக்கம் போனாலே திருட வந்தியான்னு கேக்குறாங்கம்மா. அதனால நாங்க கையை மட்டும்தான் வேலைக்குக் கொண்டு வர்றோம்," என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அன்றைக்கே காவல்காரனை அனுப்பிவிட்டேன், சோதனையும் நின்றது. கிடங்கை அவள் பொறுப்பில் விட்டேன். மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். முதலில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அது மாற மாசக்கணக்கில் ஆயிற்று. இப்போது யாரும் ஏவாமலே மெஷினைத் துடைக்கிறார்கள், மல்லி ஈரமாக வந்தால் வண்டியிலேயே திருப்பிவிடுகிறார்கள். நீ அதட்டி வாங்கிய வேலையைவிடக் கூடுதலாக அரைக்கிறது மில்.

படிப்பு முடிந்து வந்து மில்லைப் பார்த்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தாய். சாப்பாட்டு நேரத்தில் அவர்களிடமே கேட்டேன், ஆம்ப்ரோஸ் திரும்பி வந்தால் இருப்பீர்களா என்று. பாக்கியலட்சுமி எழுந்து கை கழுவப் போனாள், பின்னாலேயே மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள், இலையில் சோறு அப்படியே கிடந்தது. ஆகையால் நீ அங்கேயே வேலை தேடிக்கொள். இங்கே வந்தால் உனக்குச் சோறு உண்டு, படுக்க இடம் உண்டு, மில் கிடையாது. அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே.

கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன்னைக் காப்பாராக. ஒன்று மட்டும் நினைவில் வை, மன்னிப்புக் கேட்டுப் பாக்கியலட்சுமிக்குக் காகிதம் போடாதே. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டவேண்டும், எனக்கு அதற்கு மனசில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
அல்போன்சம்மாள்