சூளை வாசலில் உன் சொம்பு

இன்று காலை சூளை வாசலைப் பிரித்ததும், உன் சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீரை உள்ளே தெளித்தேன். சுட்ட செங்கல்லில் ஈரம் பட்டதும் எழுமே ஒரு வாசனை, அது மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் நிற்கிறாய் என்றே திரும்பிவிட்டேன். பாழாய்ப்போன மனசு, நீ போய்ச் சேர்ந்ததை இன்னும் நம்ப மாட்டேன் என்கிறது.

நம்மோடு சூளையிலிருந்து சரக்கு எடுத்தவளுக்குக் கால் வெந்த பிறகு, சங்கத்தில் நின்று நீ சண்டை போட்டு வாங்கிய வழக்கம் இது. தெளித்த தண்ணீர் ‘சுர்’ரென்றால் ஒருத்தியும் உள்ளே போகக் கூடாது, ஆறும்வரை உட்கார வேண்டும். முதலாளியும் தலையாட்டினார். அன்றைக்கு நாம் அத்தனை பேர் இருந்தோம், ஆட்டாமல் என்ன செய்வார்!

அப்புறம் காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். சங்கத்தில் சேர்ந்தால் வேலை கிடையாது என்று சொல்லித்தான் அவர்களை உள்ளே விட்டார்கள். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடைசி மே தினத்தில் கேட்டுக்கு வெளியே கொடியேற்ற நீயும் நானும்தான். நான் அழுதேன். "ஏண்டி அழுவுற? நீ தலைவி, நான் செயலாளர். கூட்டத்துல சண்டையே வராது பாரு" என்று சிரித்தாய். அந்த வாய்க்கொழுப்புக்காகவே உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

"சங்கமே இல்ல, சங்கத்துச் சொம்பு எதுக்கு?" என்று சூப்பர்வைசர் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "இது எங்க வூட்டுச் சொம்புங்க சார்" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குத் தெளித்தாய். காய்ச்சலில் நீ போன பிறகு, உன் மகள் அதை என்னிடம் கொடுத்தாள். நானும் விடாமல் தெளித்து வந்தேன். சூப்பர்வைசரும் கண்டும் காணாமல் இருந்தார்.

இன்றைக்கு லாரி வந்து காத்து நின்றது. தண்ணீர் ‘சுர்’ரென்றது. "உள்ள போங்க, சரக்கை எடுங்க" என்று சூப்பர்வைசர் கத்தினார். நான் உட்கார்ந்துவிட்டேன். காண்ட்ராக்ட் பெண்கள்தான் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போனால் கால் வெந்துவிடும், உட்கார்ந்தால் நாளைக்கு வேலை இருக்குமோ என்னவோ. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்தான் முதலில் முந்தானையை உதறிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும்.

"யாரு சொல்லி உக்காந்தீங்க?"

"யாரும் சொல்லலீங்க சார். இங்க எப்பவுமே இப்படித்தாங்க" என்றாள் அவள்.

சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, போ. அவள் உன்னைப் பார்த்ததே இல்லையடி. ஆறுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. சொம்பை எல்லோருக்கும் நடுவில் வைத்து, அது யாருடையது என்று சொல்ல ஆரம்பித்தேன்.