பொம்மைக்கு வலிக்காது

பிரேசர் டவுன், பெங்களூரு

அன்புள்ள ஜூலியா,

ஆண்டவர் அருளால் நான் சுகம். திருச்சி வெயிலில் நீயும் டெரிக்கும் எப்படி இருக்கிறீர்கள்? அவர் கஞ்சியாவது குடிக்கிறாரா?

சனிக்கிழமை எங்கள் பெண்கள் விடுதியில் முதலுதவிப் பயிற்சி. வார்டன் என்பதால் ரப்பர் பொம்மையின் நெஞ்சை முதலில் நான் அழுத்த வேண்டியிருந்தது. "இன்னும் ஜோரா அழுத்துங்க மேடம்! பொம்மைதானே, வலிக்காது" என்று பெண்கள் சிரித்தார்கள். முழங்கால் வலி என்று எழுந்து வந்துவிட்டேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

டெரிக்கின் இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தலாமா என்று டாக்டர் கேட்டதாக எழுதியிருந்தாய். உன் அத்தான் ஓஸ்வால்ட் அமைதியாகப் போனார் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். புற்றுநோய் அவ்வளவு பரவியபின் நெஞ்சை அழுத்திப் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் மிகச் சிலரே என்று டாக்டர் சொல்லியும், எல்லாம் செய்யுங்கள் என்றேன். விலா எலும்புகள் முறிந்தன. இதயம் மறுபடி துடித்தது. தொண்டையில் குழாயோடு மூன்று நாள் கிடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு முந்தின வாரம், நெஞ்சை அழுத்தலாமா என்று டாக்டர் அவரையே கேட்க வந்தார். நோயாளியிடம் இதைப் பேசுவது நாகரிகமில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

"யார் வந்தது, மரியா?" என்றார் ஓஸ்வால்ட்.

"யாருமில்லை" என்றேன்.

டெரிக்கின் நிலை வேறாக இருக்கலாம். டாக்டரிடம் தெளிவாகக் கேள்.

ஓஸ்வால்டின் சாம்பல் நிற ஸ்வெட்டர் உன் பீரோவில் இருக்கிறது. அனுப்பி வை, இங்கே மாலையில் குளிர்கிறது. துவைக்க வேண்டாம்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. டெரிக்கிடம் இன்றைக்கே கேள், ஜூலியா. அவரையே கேள்.

உன் அக்கா,
மரியா